சிறுவரைக் காட்டுக்கு அழைத்த பேடன் பவல் பிரபு

நமது பெரம்பலூர், அரியலூர்ப் பள்ளிகளில் கழுத்தில் வண்ணத் துண்டு கட்டி, இடது கையால் கைகுலுக்கும் சாரணச் சிறுவரைக் காணாதவர் நம்மில் இரார். ஆனால் அவ்வியக்கத்தைத் தோற்றுவித்தவர் யார், அவர் சிறுவருக்குக் கற்றுத்தர விரும்பியது யாது என்று கேட்டால் பெற்றோர் பலர் விழிப்பர். கொடி வணக்கத்துக்கும் குடியரசு தின அணிவகுப்புக்கும் உரிய கூட்டம் என்பதே நம்மவர் எண்ணம். அதன் மூலக்கதை வேறு.

ராபர்ட் பேடன் பவல் 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலிக்கன் சபைக் குரு. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் வடிவகணிதப் பேராசிரியர். மகனுக்கு மூன்று வயதிருக்கும்போதே அவர் காலமானார். விதவைத் தாய் பெரிய குடும்பத்தைத் தனியே தாங்கினார். ஆயினும் பிள்ளைகள் படகோட்டவும், நெடுந்தூரம் கால்நடையாய்ப் போகவும் அவர் தடை சொன்னதில்லை. தகப்பனில்லாப் பிள்ளை என்று பொத்திப் பொத்தி வளர்க்கும் நம் ஊர்த் தாய்மார் இதைக் கவனிக்கவேண்டும்.

அவர் படித்த சார்ட்டர்ஹவுஸ் பள்ளியை ஒட்டி ஒரு சிறு காடு இருந்தது. மாணவர் அதில் நுழையலாகாதென்பது விதி. பையன் நுழைந்தான். கண்ணி வைத்து முயல் பிடித்தான். ஆசிரியர் கண்ணில் படாதபடி புகையெழாமல் தீ மூட்டிச் சமைத்தான். (விதியை மீறியதை நாம் மெச்சவில்லை; நடந்ததைச் சொல்கிறோம்.) ஆக்ஸ்போர்டில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. படைத் தேர்விலோ நன்றாகத் தேறி, 1876இல் குதிரைப்படை அதிகாரியாக நம் நாட்டு லக்னோவுக்கு வந்து சேர்ந்தார்.

அணிவகுப்பு மட்டும் தெரிந்த சிப்பாய் வழி தவறினால் என்ன செய்வான்? ஆகவே தம் வீரரைச் சிறுசிறு குழுக்களாக வெளியே அனுப்பி, விண்மீன் பார்த்துத் திசையறியவும், மண்ணிலுள்ள தடம் பார்த்துப் போனது ஆளா, விலங்கா, எப்போது போனது என்று கண்டறியவும் பழக்கினார். இவ்வித்தை இங்கிலாந்தில் அச்சிட்ட புத்தகங்களில் இருந்ததன்று. நம் நாட்டு வேட்டைக்காரரும், தென்னாப்பிரிக்காவின் சூலு மக்களும் தலைமுறை தலைமுறையாய் அறிந்திருந்ததே அது. பச்சைமலை அடிவாரத்தில் ஆடு மேய்த்த நம் பாட்டன்மாருக்கும் இது கைவந்த கலைதான். அவர்கள் பேரர்களுக்கு இன்று கைப்பேசி காட்டினால்தான் வடக்குத் தெரிகிறது.

1899 அக்டோபர் முதல் 217 நாட்கள் தென்னாப்பிரிக்காவின் மேபெக்கிங் நகரை எதிரிகள் முற்றுகையிட்டபோது அவரே அதன் தளபதி. அங்கே சிறுவர் படையொன்று செய்தி சுமந்து ஓடியது. பொறுப்பைக் கொடுத்தால் சிறுவர் அதைத் தாங்குவர் என்பதை அவர் அங்கே கண்ணாரக் கண்டார். அம்முற்றுகையில் கறுப்பின மக்களுக்கு உணவு பங்கிட்டதில் நீதி இல்லை என்று பிற்கால வரலாற்றாசிரியர் குற்றம் சாட்டியிருக்கின்றனர். பேரரசின் படைத்தலைவராகவே அவர் அங்கே நின்றார். அதை மறைத்து எழுதுவது சரிதையாகாது.

தாயகம் திரும்பியபோது ஒரு வியப்புக் காத்திருந்தது. சிப்பாய்களுக்கென்று தாம் எழுதிய சிறு நூலைப் பள்ளிப் பிள்ளைகள் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்! போருக்கென்று தொகுத்ததை வாழ்வுக்கு மாற்றினாலென்ன என்ற எண்ணம் வளர்ந்து, 1907 ஆகஸ்டு முதல் வாரத்தில் பிரவுன்சி என்னும் தீவில் சோதனை முகாமாக முடிந்தது. சுமார் இருபது சிறுவர் வந்தனர். பாதிப்பேர் பெரிய இடத்துப் பிள்ளைகள்; மறுபாதி உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். வசதியுள்ளவரிடம் கட்டணம் கூடுதல், மற்றவரிடம் குறைவு. இவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். விடியற்காலையில் ஆப்பிரிக்க மான்கொம்பை ஊதி எழுப்புவார். இரவில் ஓர் அணி மாவு, உருளைக்கிழங்கு, இறைச்சி, தீப்பெட்டி இவற்றோடு முகாமை விட்டுத் தனியே போய், தானே சமைத்துண்டு, காவலிருந்து, காலையில் திரும்பவேண்டும். பெரியவர் துணையில்லை.

பிரபு வீட்டுப் பையனும் கூலிக்காரர் மகனும் ஒரே சட்டியில் வெந்ததைத் தின்றார்கள். அக்கால இங்கிலாந்தில் இது சிறிய காரியமன்று. நம் ஊர்களிலும் இன்றளவும் இது சிறிய காரியமன்று என்பதை வாசகர் அறிவீர்கள். யார் யாரோடு உட்கார்ந்து உண்பது என்று வீட்டில் கணக்குப் பார்ப்போர் பிள்ளையை முகாமுக்கு அனுப்பிப் பார்க்கட்டும்.

அவர் கற்பித்த விளையாட்டொன்றை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கிப்ளிங் எழுதிய இந்தியக் கதையொன்றில் வரும் கிம் என்னும் சிறுவன் பெயரால் வழங்குவது அது. ஒரு தாம்பாளத்தில் சாவி, பொத்தான், புளியங்கொட்டை, ஆணி என்று 24 பொருள்களைப் பரப்பித் துணியால் மூடுங்கள். ஒரு நிமிடம் திறந்து காட்டி மீண்டும் மூடிவிட்டு, கண்டவற்றைப் பிள்ளைகள் எழுதட்டும். பெரியவர் பெரும்பாலும் தோற்பர். அதன் பயன் தாம்பாளத்தோடு முடிவதில்லை. அரியலூர் மண்ணில் பண்டைக் கடலின் சிப்பிகள் கல்லாய்க் கிடக்கின்றன. சாத்தனூரில் முழு மரமே கல்லாகிக் கிடக்கிறது. பார்க்கப் பழகிய கண்ணுக்கே அவை தெரியும்.

இனி, பெற்றோர் அச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே விட்டால் ஆபத்து என்கிறார்கள். மெய்தான். கொள்ளிடம் இருக்கிறது, சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது, புதரில் பாம்பு இருக்கிறது. நாம் கதவைச் சாத்தினால் இவை இல்லாமற் போகா. நீந்தவும், கயிற்றில் தக்க முடிச்சிட்டு வீசவும், பாம்பு கடித்தவனை நடக்கவிடாமல் ஆஸ்பத்திரி சேர்க்கவும் அறிந்த பிள்ளை என்றேனும் ஒருநாள் தப்புவான், தப்புவிப்பான். ஒன்றுமறியாதவன் நண்பர்களோடு ஒளிந்துபோய்த் தண்ணீரில் இறங்குகிறான்.

நிற்க. 1908இல் சிறுவர் சாரணியம் பற்றிய அவர் நூல் பகுதி பகுதியாக வெளிவந்து நாடெங்கும் பரவியது. மறு ஆண்டு லண்டனில் நடந்த பேரணிக்குச் சிறுமியரும் அழைப்பின்றியே சீருடையோடு வந்து நின்றார்கள். 1910இல் அவர்களுக்கும் தனி இயக்கம் உண்டாயிற்று. சகோதரி ஆக்னஸ் பொறுப்பேற்றார். 1920இல் முதல் உலகப் பெருந்திரளில் அவர் உலகத் தலைமைச் சாரணர் எனப்பெற்றார்.

நம் திருச்சபையில் தொடக்கத்தில் சிலர் இதைப் புராட்டஸ்டாண்டார் காரியமென்று ஐயுற்றனர். பிரான்சு நாட்டுச் சேசுசபைக் குரு ஜாக் செவின் 1913இல் இங்கிலாந்து சென்று நேரில் ஆராய்ந்தார். ஐயம் தீர்ந்து, 1920இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சாரணர் சங்கத்தை நிறுவியவருள் ஒருவரானார். 1951இல் இறந்த அவரை 2012இல் திருச்சபை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

இந்தியாவில் கதை கசப்பாகவே தொடங்கிற்று. 1909இல் பெங்களூரில் தொடங்கிய சாரணர் படை ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றதும், அன்னி பெசன்ட் அம்மையார் 1917இல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். வடக்கே மாளவியா முதலானோர் சேவா சமிதிச் சாரணரைத் திரட்டினர். பேடன் பவல் 1921இல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவரது இயக்கத்தோடு இணைந்தது. ஆயினும் 1937இல் தில்லிப் பெருந்திரளுக்கு வந்து போனபின் இந்தியர் குணநலன் பற்றி அவர் சொன்ன இழிமொழி பெரும் புண்ணை உண்டாக்கிற்று. பலர் விலகி வேறு சங்கம் கண்டனர். அவர்கள் விட்டு விலகியது அவரைத்தான்; கூடாரத்தையும் தீமூட்டும் கலையையும் கைவிடவில்லை. 1950 நவம்பர் 7ஆம் நாள் எல்லாம் ஒன்றாகிப் பாரத சாரண சாரணியர் இயக்கமாயிற்று. 2025 ஜனவரி இறுதியில் அதன் வைரவிழாப் பெருந்திரள் நமக்கு அண்மையிலுள்ள மணப்பாறையில் நடந்தது.

முதுமையில் பேடன் பவல் கென்யா நாட்டு நியேரியில் மனைவி ஒலேவ் அம்மையாரோடு குடியேறி, 1941 ஜனவரி 8ஆம் நாள் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறைக் கல்லில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் செதுக்கியிருக்கின்றன. காட்டுவழியில் சாரணர் கல்லாலும் குச்சியாலும் இடும் வழிக்குறிகளில் கடைசிக் குறி அது. தடம் இங்கே முடிந்தது, வீடு திரும்பிவிட்டேன் என்று பொருள். அம்மையார் 1977இல் இறந்தபின் அவரது அஸ்தியும் அங்கேயே வைக்கப்பட்டது.