கலாயோகி சேர்த்த செல்வம்

சென்ற ஆவணி மாதத்து மாலைப்பொழுது ஒன்றிலே, பாரிஸ் மாநகரில் வாழும் என் தமக்கையின் மகன், குருநகர் இறங்குதுறைக்கு அணித்தாயுள்ள எமது வீட்டு விறாந்தையில் அமர்ந்து, தன் பயணப்பெட்டியிலிருந்து ஒரு துணிப்பொதியை எடுத்து மெல்ல அவிழ்த்தான். பழைய சாரம் ஒன்றினுள்ளே இருந்தது ஒரு மண் தட்டு. வெண்ணிறப் பூச்சின்மேல் சில கருங்கோடுகள். அக்கோடுகள் கூடி ஒரு முகமாகியிருந்தன. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிக்காசோவின் பெயரும் மடூரா என்னும் பட்டறையின் பெயரும் முத்திரையாக அழுத்தப்பட்டிருந்தன.

தெற்குப் பிரான்சிலே வலோரிஸ் என்பது பழைய குயவர் ஊர். 1946ஆம் ஆண்டில் அங்கே மடூராப் பட்டறைக்குப் போன பிக்காசோ, மறு ஆண்டிலிருந்து அங்கேயே களிமண்ணில் கை வைத்து வேலை செய்யத் தொடங்கினார். அவர் வகுத்த வடிவங்களை அப்பட்டறையினர் 1971 வரை படியெடுத்து விற்றனர். அறுநூற்றுக்கு மேற்பட்ட அவ்வடிவங்களில் ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து முதல் ஐந்நூறு வரை படிகள் உண்டு. ஆதலின், பெருஞ் செல்வரல்லாதாரும் அம்மேதையின் ஆக்கம் ஒன்றைத் தம் வீட்டில் வைத்திருத்தல் இயல்வதாயிற்று. என் மருமகன் பல ஆண்டுகளாக வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேமித்த பணத்திலே இத்தகைய தட்டுகள் சிலவும், வலோரிஸ் கண்காட்சிகளுக்காக பிக்காசோ செதுக்கி அச்சிட்ட சுவரொட்டிகள் சிலவும் வாங்கி வைத்திருக்கின்றான்.

அவன் என்னிடம் கேட்டது ஒன்றே. தனக்குப் பின் இவை எங்கே போதல் வேண்டும்? பிறந்த மண்ணுக்குக் கொண்டுவந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதா, அல்லது அந்நாட்டு அருங்காட்சியகம் ஒன்றுக்கே விட்டுவிடுவதா?

உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. சித்திரம் கற்பித்த காலத்திலே நானும் ஒரு பெட்டி நிறையப் பட அச்சுகளும், கைவிடப்பட்ட சூளைகளிற் பொறுக்கிய பழைய மட்கலங்களும் சேர்த்தவன். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில், மழையினூடே யாழ்ப்பாணம் முழுவதும் நடந்து வெளியேறிய அந்த இரவிலே, அப்பெட்டியை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சென்றேன். மறு ஆண்டு திரும்பி வந்தபோது பூட்டும் இல்லை, கதவும் இல்லை. எனவே அவன் கேள்விக்கு விடை தேடுமுன், இதே கேள்வியை எதிர்கொண்ட ஒரு பெரியாரின் வாழ்க்கையை மனத்திலே மீட்டிப் பார்த்தேன். அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

பிறப்பும் பயிற்சியும்

வடமராட்சியின் கெருடாவிலை வேராகக் கொண்ட குடும்பம் அவருடையது. பாட்டனார் குமாரசுவாமி முதலியார் இலங்கைச் சட்டநிரூபண சபையின் முதலாவது தமிழ்ப் பிரதிநிதியாக 1835இல் அமர்ந்தவர். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, இந்து ஒருவருக்கு இங்கிலாந்திலே பாரிஸ்டர் பட்டம் கிடைத்தல் அரிதினும் அரிதாயிருந்த 1863ஆம் ஆண்டில் அதனைப் பெற்றவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கியவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருடைய சகோதரியின் மைந்தர்கள். இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பீபி என்னும் மாதினை முத்துக்குமாரசுவாமி மணந்தார். அவ்விருவருக்கும் 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்த ஒரே மகன் ஆனந்தர்.

குழந்தை இரண்டு வயதை எட்டுமுன் தாயோடு இங்கிலாந்து சென்றது. பின்னாலே புறப்படவிருந்த தந்தையார் 1879 மே மாதத்தில், கப்பலேற இருந்த நாளிலேயே காலமானார். தந்தையின் முகத்தை நினைவிற் கொள்ளாமலும், தந்தையின் மொழியைச் செவியிற் கேளாமலும் வளர்ந்தான் பிள்ளை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே தாவரவியலும் புவியியலும் கற்று 1900இல் பட்டம் பெற்ற அந்த இளைஞரிடத்திலே, பிற்காலக் கலாயோகியின் சாயலை எவரும் கண்டிருக்க முடியாது.

1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக அவர் இங்கு வந்தார். மறு ஆண்டிலேயே தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கல்லைத் தேடி ஊரூராகச் சென்ற அவர் கண்ணில் வேறொன்றும் பட்டது. கண்டி நாட்டுக் கிராமங்களிலே குயவரும், தட்டாரும், தந்தம் செதுக்குவோரும், அரக்கு வேலைக்காரரும், பாய் இழைப்போரும் வழிவழியாகக் காத்த தொழில்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தன. ஐரோப்பிய மலிவுச் சரக்கு வீட்டுக்குள் நுழைந்ததும், சட்டியும் பானையும், செப்பமான பித்தளைக் கலமும் பரணுக்கு ஏறின. கனிப்பொருள் ஆய்வாளர் அன்று முதல் கைத்தொழில் ஆய்வாளருமானார். மனைவியார் எதெல் மேரி உடன் சென்று படம் பிடித்தார், குறிப்பெழுதினார். பிற்காலத்திலே இங்கிலாந்தின் தலைசிறந்த கைநெசவாளர்களுள் ஒருவராக விளங்கிய அவ்வம்மையாருக்கு இப்பணியில் உள்ள பங்கை மறத்தல் நன்றியன்று.

1907இல் இங்கிலாந்து திரும்பிய ஆனந்தர், புரோட் காம்டன் என்னும் சிற்றூரிலே, வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே தம் நூலை அச்சேற்றினார். பதினைந்து மாதங்கள் தாமே மேற்பார்த்து அச்சிட்ட அந்நூல், இடைக்காலச் சிங்களக் கலை பற்றியது. 1908இல் வெளியான அதன் படிகள் 425 மாத்திரமே. தமிழ்க் குருதி பாய்ந்த ஒருவர் சிங்களக் கைவினைஞரின் களிமண் சட்டிக்கும் வண்ணப் பேழைக்கும் எழுப்பிய அந்நினைவுச் சின்னத்தை, இன்றும் அத்துறையில் முதல் நூலாகக் கொள்கின்றனர்.

ஓவியம் தேடிய பயணம்

அதன் பின்னர் அவர் இந்தியாவிலே சுற்றினார். இராசபுதனத்து நகரங்களிலும் பஞ்சாப்பின் மலையடி அரசுகளிலும் ஓவியக் குடும்பங்கள் அப்பொழுதும் எஞ்சியிருந்தன. மொகலாயச் சித்திரங்களை ஐரோப்பியர் ஓரளவு மதித்தனர். கிருஷ்ணனையும் இராதையையும், இராகங்களின் உருவங்களையும் தீட்டிய மலைநாட்டுப் படங்களையோ அவற்றின் நாட்டுப்புற எச்சமென ஒதுக்கினர். ஒதுக்கப்பட்டதாலே அவை மலிவாகவும் கிடைத்தன. ஆனந்தர் தந்தை வைத்த செல்வத்தைச் செலவிட்டு அவற்றை வாங்கினார்.

முடிந்த ஓவியங்களோடு அவர் நின்றுவிடவில்லை. ஓவியர் வீட்டு மூலையிலே கிடந்த துளைப்படிகளையும் சேர்த்தார். துளைப்படி என்பது யாதெனில், நன்கு மெலிவாக்கிய தோலிலே உருவத்தின் கோடுகளை ஊசியாற் குத்தி வைப்பது. அதனைத் தாளின்மேல் வைத்துக் கரித்தூள் முடிச்சினால் ஒற்றினால், துளைகளினூடே தூள் இறங்கி உருவம் தாளிலே பதியும். தந்தையின் கோடு மகனுக்கும் பேரனுக்கும் இவ்வாறே கைமாறியது. பிறர் குப்பையென எறிந்த அத்தோல் துண்டுகளிலேதான் ஒரு மரபு எங்ஙனம் உயிர் வாழ்ந்தது என்பதற்குச் சான்று இருந்தது. இந்தியக் கோட்டோவியங்கள் பற்றி 1910இலும் 1912இலும் அவர் வெளியிட்ட இரு தொகுதிகள் இத்தேட்டத்தின் முதற் பயன்கள்.

1916இல் இராசபுத்திர ஓவியம் என்னும் பெருநூல் இரு பாகங்களாக ஒக்ஸ்போர்டிலே வெளியாயிற்று. அவர் சில படங்களுக்குக் குறித்த காலம் மிக முந்தியது என்றும், மொகலாய மரபையும் இராசபுத்திர மரபையும் அவர் மட்டுக்கு மீறிப் பிரித்துவிட்டார் என்றும் பின்வந்த அறிஞர் திருத்தினர். திருத்தம் நியாயமானதே. ஆயினும், திருத்துவோர் நடந்து செல்லும் பாதையை வெட்டியவர் அவரே.

எவரும் ஏற்காத கொடை

1910ஆம் ஆண்டின் இறுதியில் அலகாபாத்திலே தொடங்கிய பெருங் கண்காட்சியிலே கலைப் பகுதி அவர் பொறுப்பிலிருந்தது. இந்தியா முழுவதிலுமிருந்தும் வந்த ஓவியங்களையும் கைவினைப் பொருள்களையும் ஒருங்கே கண்டபோது, இவை மீண்டும் சிதறாமல் ஒரு தேசிய அருங்காட்சியகத்திலே தங்கவேண்டும் என்ற எண்ணம் அவருள்ளத்திலே வேரூன்றியது. காசியிலே அத்தகைய காட்சியகம் ஒன்றைக் கட்டுவதற்குப் பொருள் திரட்டுவீராயின், என் சேகரிப்பு முழுவதையும் நான் தருவேன் என்ற கருத்திலே அவர் நாட்டாருக்கு அறிவித்தார். செல்வர் இருந்தனர், சமஸ்தானாதிபதிகள் இருந்தனர், சுதேசியம் பேசிய தலைவர்களும் இருந்தனர். கட்டடத்துக்குப் பணம் தர மாத்திரம் ஆளில்லை.

இதற்கிடையில் முதலாவது உலகப் போர் மூண்டது. தன்னாட்சியற்ற நாட்டின் மக்கள் ஆளும் நாட்டுக்காகப் போர் புரிதல் முறையன்று என்பது அவர் கொள்கை. ஆதலின் இங்கிலாந்தில் அவர் நிலை இடர்ப்பட்டது. கைப்பொருளும் கரைந்திருந்தது. அவ்வேளையிலே, அமெரிக்காவில் பொஸ்டன் நுண்கலைக் காட்சியகத்தின் அறங்காவலர்களுள் ஒருவரான டென்மன் றொஸ் அவருடைய சேகரிப்பின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கிக் காட்சியகத்துக்கு அன்பளிப்பாக வழங்கினார். 1917இல் ஆனந்தரும் அங்கே இந்தியப் பகுதியின் காப்பாளராகச் சென்றார். காசிக்கு எடுத்து வைத்த பொருள் கடல் கடந்து பொஸ்டனிலே குடியேறிற்று.

பொஸ்டனிலே முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே அவர் செய்த செயலொன்றை ஈண்டு குறித்தல் தகும். ஒளிப்படம் கலையாகுமா என்று பலரும் ஐயுற்றிருந்த காலம் அது. 1911இல் பிக்காசோவின் சித்திரங்களை அமெரிக்காவிலே முதன்முதல் தம் சிறு கூடத்தில் காட்சிக்கு வைத்தவரும், தாமே தலைசிறந்த ஒளிப்படக் கலைஞருமான அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ், 1924இலே தம் ஒளிப்பட அச்சுகள் இருபத்தேழினைப் பொஸ்டன் காட்சியகத்துக்கு அளித்தார். அதற்கு வழி செய்தவர் ஆனந்தரே. பழைமையின் காவலர் எனப் பெயர் பெற்ற ஒருவர், புதுமையின் அச்சுகளைக் காட்சியகத்துக்குள் அழைத்துச் சென்றார். எதிலும் அவர் தேடியது செய்நேர்த்தியும் உட்பொருளுமே. காலம் பழையதோ புதியதோ என்பதன்று.

முரண் ஒன்றும் அவர் வாழ்விலே உண்டு. ஒரு குடம் நீர் மொள்வதற்கே உள்ளது, ஒரு படிமம் வழிபடுவதற்கே உள்ளது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வியப்பதற்கன்று என்று இடைவிடாது போதித்தவர், தம் வாழ்நாளிற் பாதியைக் கண்ணாடிப் பெட்டிகளின் காவலராகவே கழித்தார். அம்முரணை அவர் அறியாதவரல்லர். கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது ஏன் என்ற வினாவையே 1943இல் ஒரு நூலுக்குத் தலைப்பாக்கினார். பொருளைப் பார்ப்பவன் அதைச் செய்தவனின் எண்ணத்தை அறியாது அழகை மாத்திரம் சுவைப்பானாயின், அக்காட்சியகம் வீண் என்பது அவர் துணிபு.

1947 ஆகஸ்டிலே இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரம் கழித்து எழுபது வயது நிறைந்த பெரியார், இந்தியாவுக்குத் திரும்பி இமயச் சாரலிலே தவ வாழ்வு வாழ விரும்புவதாகத் தம்மைப் பாராட்ட வந்தோரிடம் தெரிவித்தார். செப்டம்பர் 9ஆம் நாள், நீடம் என்னும் ஊரிலிருந்த தம் வீட்டிலே உயிர் நீத்தார். பொருளும் திரும்பவில்லை, பொருளைச் சேர்த்தவரும் திரும்பவில்லை.

மருமகனுக்கு நான் சொன்னது

இளமையிலே இவ்வரலாற்றைப் படித்தபோது, பொஸ்டன் நம்மைக் கொள்ளையிட்டது என்றே எண்ணிக் கொதித்தேன். இன்று அவ்வாறு எண்ணத் துணிவில்லை. 1981இல் எமது பொது நூலகம் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிந்த புகையைக் கண்டவன் நான். குருநகர் பெற்ற ஓவியர் மாற்குவின் ஆக்கங்களிற் பலவும் இடப்பெயர்வுகளிலே அழிந்துபோயின. பொஸ்டனுக்குச் சென்ற ஓவியங்களோ நூறாண்டு கடந்தும் நிறம் மங்காது இருக்கின்றன. ஆயினும், பாதுகாப்பாக இருப்பது ஒன்றே போதும் என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. காங்கிராவிலே பிறந்த ஒரு சிறுவன் தன் பாட்டன் தீட்டிய கோட்டைக் காண அத்துணை தூரம் போகவேண்டும் என்பது நியாயமாகுமா?

இவ்விரண்டுக்கும் நடுவே ஆனந்தர் விட்டுச் சென்ற வழியொன்று உண்டு. பொஸ்டன் சேகரிப்புக்கு அவர் 1923 முதல் பகுதி பகுதியாக விளக்கப் பட்டியல்கள் எழுதினார். ஒவ்வொரு படமும் எங்கே தோன்றியது, யாது பொருளுடையது, எந்தக் கதையைச் சொல்வது என்று ஆய்ந்து எழுதி, படத்தோடு அச்சிட்டார். ஓவியங்கள் திரும்பவில்லை, ஓவியங்களைப் பற்றிய அறிவு திரும்பியது. அந்த அறிவைக் கொண்டே இந்தியா தன் இராசபுத்திர ஓவியங்களை இனங்கண்டு மதிக்கக் கற்றது. எனது பெட்டி போனபோதோ, அதனுள் என்ன இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுத் தாள் தானும் இல்லை. அழிந்தவற்றுக்கு வருந்துவதிலும், அவற்றை எழுதி வைக்காமைக்கே நான் பெரிதும் வருந்துகின்றேன்.

ஆகவே மறுநாட் காலையிலே மருமகனுக்குச் சொன்னேன். தட்டுகளும் சுவரொட்டிகளும் இப்போதைக்குப் பாரிசிலேயே இருக்கட்டும். ஆனால், ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படமெடுத்து, அளவும் ஆண்டும் முத்திரையும் குறித்து, களிமண்ணிலே அக்கோடு எவ்வாறு இடப்பட்டது என்பதைத் தமிழிலே எழுதி, ஒரு படி இங்குள்ள சித்திர ஆசிரியர்களுக்கு அனுப்பிவிடு. இந்த ஒரு தட்டை மாத்திரம் என்னிடம் விட்டுச் செல். பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். உடைந்தால் உடையட்டும் என்றேன். சற்றுத் தயங்கிய பின் அவன் இசைந்தான்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோளும் அதுவே. உங்கள் வீட்டுப் பரணிலே பாட்டியின் மட்பானையோ, பித்தளைச் செம்போ, மங்கிய படமோ இருக்கக்கூடும். நாளை அது எங்கே போகும் என்பதை எவரும் அறியோம். இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து, அது யார் செய்தது, எதற்குப் பயன்பட்டது, எப்படி வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.

தட்டு இப்பொழுது எமது விறாந்தை மேசையிலே இருக்கின்றது. நேற்று வந்த சிறுமி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, இதிலே மீன் வைத்து உண்ணலாமா என்று கேட்டாள். உண்ணலாம் என்றேன். கலாயோகி அங்கிருந்திருப்பின் அவரும் அதையே சொல்லியிருப்பார் என்று நினைக்கின்றேன்.