அடுப்பங்கரையில் நின்ற அசுந்தா

பெட்டாலிங் ஜெயாவில் ஜாலான் டெம்ப்ளர் பக்கம் போனவர்களுக்கு அசுந்தா ஆஸ்பத்திரி தெரிந்திருக்கும். பிள்ளைப்பேற்றுக்கும் ஆபரேஷனுக்கும் அங்கே போய் வந்த தோட்டத்து ஜனங்களும் உண்டு. அதே பெயரில் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. ஆனால் யார் இந்த அசுந்தா என்று கேட்டுப் பாருங்கள். பெரிய டாக்டரம்மாவாக இருக்கும், இல்லாவிட்டால் பணம் போட்டுக் கட்டிக் கொடுத்த சீமாட்டியாக இருக்கும் என்பார்கள். இரண்டும் இல்லை. கல் சுமந்தவர், பன்றி வளர்த்தவர், அடுப்பங்கரையில் வெந்தவர்.

அசுந்தா பல்லோத்தா 1878 ஆகஸ்டு 20-ல் இத்தாலி நாட்டில் ஃபோர்சே என்ற ஊரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஏழை வீட்டு மூத்த பெண்ணின் பாடு என்னவென்று லயத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுதப் படிக்கக் கொஞ்சம் வந்ததோடு பள்ளிக்கூடம் நின்றது. தகப்பனார் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டார். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை கொத்தனார்களுக்குச் சிற்றாளாகக் கல்லும் சாந்தும் சுமந்தது. பிறகு ஒரு தையற்காரரிடம் வேலை.

1898 மே மாதம், பத்தொன்பது வயதில், ரோமாபுரிக்குப் போய் மரியாளின் பிரான்சிஸ்கன் மிஷனரி சகோதரிகள் சபையில் சேர்ந்தார். இந்தச் சபைக்கும் தமிழ் மண்ணுக்கும் உறவு உண்டு. இதை நிறுவிய பிரெஞ்சுக்கார அம்மையார், பாடுகளின் மரியன்னை என்று பெயர் பெற்றவர், மதுரைப் பக்கம் பல வருஷம் ஊழியம் செய்தவர். 1877-ல் சபையைத் தொடங்கிய இடம் நீலகிரி மலையில் நம் ஊட்டிதான்!

மடத்துக்குள் போனால் சுகமாக உட்கார்ந்து செபமாலை உருட்டலாம் என்று சிலர் நினைப்பார்கள். அசுந்தாவுக்குக் கிடைத்தது பன்றிக் கொட்டிலும் கோழிக் கூடும்தான். ஒலிவக்காய் பொறுக்கும் காலத்தில் தோட்டத்துக்கும் போனார். அதில் முகம் சுளிக்கவில்லை. இறைவனிடம் அவர் கேட்ட வரம் ஒன்றே ஒன்று. மிகச் சின்ன வேலையையும் கடவுள் அன்புக்காகவே செய்யலாம் என்பதைத் தன் மூலமாக உலகம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அது.

இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கத்தோலிக்கர் அருள் என்பார்கள், மற்றக் கிறிஸ்தவர்கள் கிருபை என்பார்கள். கூலி என்பது வேலை முடிந்த பிறகு வருவது. கிருபை வேலைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, தகுதியைப் பார்த்து வருவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. நம் தாத்தாமார் கங்காணி கொடுத்த முன்பணத்தை வருஷக்கணக்காக உழைத்துக் கழித்தார்கள். இதுவோ கணக்கில் பிடிக்காத முன்பணம். கழிக்க வேண்டியதில்லை என்று தெரிந்தபிறகும் ஒருவர் ஓடி ஓடி உழைத்தால், அது பயத்தால் அல்ல, நன்றியால். அசுந்தாவின் உழைப்பு அந்த வகை.

ஆனால் இந்தக் கதையைச் சொல்லி, கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு வாயை மூடு என்று யாராவது நம்மிடம் வந்தால் ஏமாறாதீர்கள். அவர் விரும்பிக் கொடுத்தது அது. உழைத்தவனின் கூலியைப் பிடித்து வைப்பதைப் பாவம் என்றுதான் அவர்களுடைய வேதமும் சொல்கிறது. கிருபை வேறு, கூலி வேறு.

1904-ல் சீனாவில் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்ய அனுப்பும்படி எழுதிக் கேட்டார். ஆபத்து தெரியாமல் கேட்கவில்லை. ஷான்சி மாநிலத்தின் தையுவான்ஃபு நகரில் 1900 ஜூலையில், பாக்ஸர் கலகத்தின்போது, அதே சபையைச் சேர்ந்த ஏழு சகோதரிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த மாநிலத்துக்கே அனுப்பினார்கள். மார்ச்சில் கப்பலேறியவர் ஜூனில்தான் தோங்-எர்-கோ என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே கிடைத்த வேலை தொழுநோயாளிகளைப் பார்ப்பதுகூட இல்லை. அனாதைப் பிள்ளைகளின் மடத்தில் சமையல்! பாஷை தெரியாத ஊர், பழகாத குளிர், அடுப்புப் புகை. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று யாரும் மனம் உடைந்திருப்பார்கள். இவர் சட்டியைக் கையில் எடுத்தார்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1905-ல் டைபஸ் என்ற விஷக் காய்ச்சல் மடத்துக்குள் புகுந்தது. பேன் மூலமாகப் பரவும் கொடிய நோய் அது. அதற்கு அந்தக் காலத்தில் மருந்து கிடையாது. பிள்ளைகளும் போனார்கள், சகோதரிகளும் போனார்கள். மற்றவர்கள் பிழைக்கத் தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி அசுந்தா வேண்டிக்கொண்டார் என்று சபையில் சொல்கிறார்கள். அவருக்கும் காய்ச்சல் கண்டது. ஏப்ரல் 7-ல் கண்ணை மூடினார். வயது இருபத்தாறு. அந்த நேரம் அறையெல்லாம் பூமணம் வீசியது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு அந்த மணத்தைவிட அடுப்புப் புகைதான் பெரிதாகத் தெரிகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். பெட்டாலிங் ஜெயா 1950-களின் தொடக்கம் வரை எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டம். 1,200 ஏக்கரில் பால்மரம் நின்ற பூமி. நெருக்கடியில் தவித்த கோலாலம்பூர் ஜனங்களைக் குடியேற்ற மரங்களை வெட்டி ஊராக்கினார்கள். அந்தப் புது ஊரில் 1954-ல் இதே சபைச் சகோதரிகள் ஒரு சின்ன கிளினிக்கைத் திறந்தார்கள். அந்த வருஷமே நவம்பர் 7-ல், போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் அசுந்தாவுக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

கிளினிக் வளர்ந்து ஆஸ்பத்திரியானது. அதற்குத் துரைமார் பெயரும் வைக்கவில்லை, டாக்டர்மார் பெயரும் வைக்கவில்லை. சமையற்கட்டில் நின்ற அந்தப் பெண்ணின் பெயரைத்தான் எழுதினார்கள்.