மதுரையிற் பிறந்த கணிதப் பேராசிரியர்

பெரியோர் சிலர் பிறந்த ஊரால் பெயர் பெறுவர். சிலரால் அவர் பிறந்த ஊர் பெயர் பெறும். இவ்விரு வகையிலும் சேராதார் சிலரும் உளர். அவர் புகழ் கடல் கடந்து பரவியிருக்கும். பிறந்த ஊரினரோ அவர் பெயரையும் கேட்டிரார். அத்தகையோருள் ஒருவர் அகஸ்டஸ் டி மார்கன் என்னும் கணிதப் பேராசிரியர். நமது திண்டுக்கல்லுக்குத் தெற்கே 60 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவிலுள்ள மதுரை மாநகரே அவர் பிறந்த இடம். இக்காலத்துக் கல்லூரி மாணவர் புள்ளியியலுக்கென ‘ஆர்’ என்னும் கணிப்பொறி மொழியைப் பயில்கின்றனர். தமிழ் பயிலும் யாமும், நூல்களிற் சொற்கள் பயிலும் அளவை எண்ணும்பொருட்டு அம்மொழியின் வாயிலில் நின்று எட்டிப் பார்க்கின்றோம். அங்கே டி மார்கனின் பெயரும் கருத்தும் நம்மை எதிர்கொள்கின்றன. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கற் சீமை ஆங்கிலக் கம்பெனியார் கைப்பட்டது. 1801-க்குள் பாண்டிநாடு முழுவதும் அவர் ஆட்சிக்குள்ளாயிற்று. அக்கம்பெனியின் படையில் அதிகாரியாயிருந்தவர் ஜான் டி மார்கன். அவர்க்கும் எலிசபெத் அம்மையார்க்கும் 1806-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மதுரையில் நம் அகஸ்டஸ் பிறந்தார். பிறந்த சின்னாட்களிலேயே நோயால் வலக்கண் ஒளியிழந்தது. குழந்தைக்கு ஏழு மாதமாகியபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. தந்தையும் பாட்டனும் இந்தியாவிற் பிறந்தவராதலின், தாம் ஆங்கிலேயருமல்லர், ஸ்காத்தியருமல்லர், ஐரிஷ்காரருமல்லர், எவ்வகையினும் சேராத பிரித்தானியரே என்று அவர் பிற்காலத்தில் வேடிக்கையாகக் கூறிக்கொள்வதுண்டு. அவர்க்குப் பத்து வயது நிரம்பும் காலத்தில் தந்தை கடற்பயணத்தில் உயிர்நீத்தார்.

தாய்வழியில் அவர்க்குக் கணிதம் குலச்செல்வம். தாயின் பாட்டனார் ஜேம்ஸ் டாட்ஸன், எதிர்மடக்கை வாய்பாட்டை 1742-இல் கணித்து வெளியிட்டவர். ஆயுள் காப்பீட்டுக் கணக்கிற்கு அடிகோலியவருள் ஒருவர். ஒரே கணக்கினை எண்கள்தோறும் தளராது திரும்பத் திரும்பச் செய்தாலன்றி அத்தகைய வாய்பாடு முடியாது. இத்திரும்பச் செய்தலே இக்கட்டுரையிற் பின்னரும் வரும் பொருளாதலின், வாசகர் இதனை நினைவிற் கொள்க.

1823-இல் டி மார்கன் கேம்பிரிட்ஜிலுள்ள திரித்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1827-இல் கணிதத் தேர்வில் நான்காமவராகத் தேறினார். முதுகலைப் பட்டமும் கல்லூரியில் நிலையான பதவியும் பெறுதற்குக் கையெட்டும் தூரமே இருந்தது. ஆயினும் அவற்றைப் பெற விரும்புவோர் திருச்சபைக் கோட்பாடுகளுக்கு உடன்பட்டுக் கையொப்பமிடல் வேண்டும் என்பது அந்நாளைய விதி. கடவுள் நம்பிக்கை உடையவராயினும், மனம் ஒப்பாத ஒன்றிற்குக் கையொப்பமிட அவர் இசைந்திலர். பட்டமும் பதவியும் போயின. வறிதே சட்டம் பயிலத் தொடங்கினார்.

அக்காலை இலண்டனிற் புதியதொரு சர்வகலாசாலை தோன்றிற்று. சமயச் சோதனை ஏதுமின்றி எவரையும் ஏற்பது அதன் கொள்கை. 1828-இல் அதன் முதற் கணிதப் பேராசிரியராக டி மார்கன் அமர்த்தப்பெற்றார். அப்போது அவர்க்கு வயது 21. மூன்றாண்டு கழிந்தபின், உடற்கூற்றுப் பேராசிரியர் ஒருவர் தக்க காரணமின்றி நீக்கப்பட்டார். அது தமக்கு நேர்ந்த துன்பமன்று. எனினும் ஆசிரியர் உரிமை அழிந்ததெனக் கருதி 1831-இல் டி மார்கன் பதவி துறந்தார். தம் இடத்தில் அமர்ந்தவர் 1836-இல் நீரில் மூழ்கி இறக்கவே, மாணவர் நலங்கருதி மீண்டும் அப்பணியை ஏற்று முப்பதாண்டு கற்பித்தார். தேர்வுக்கென மனப்பாடம் செய்து ஒப்பித்தலை அவர் வெறுத்தார். விதியைக் கூறி விடுவதோடு நில்லாது, அவ்விதி ஏன் பொருந்தும் என்பதை மாணவரே ஆராய்ந்தறியச் செய்தல் அவர் முறை.

இனி, அவர் ஆராய்ச்சியுள் நம் பொருளுக்கு இயைந்தவற்றை நோக்குவோம். 1836-இல் அவர் சார்புகளின் நுண்கணிதம் பற்றி விரிவானதோர் உரை எழுதினார். ஓர் எண்ணை ஏற்று வேறோர் எண்ணைத் தரும் விதியே சார்பு என்பது. எண்ணை ஆராயும் கணிதம் பழையது. விதியையே ஒரு பொருளாகக் கொண்டு, அதனைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் என்னாகும் என ஆராய்வது அந்நாளிற் புதியது. சார்லஸ் பாபேஜ் என்பார் 1815-லேயே அத்துறையில் எழுதத் தொடங்கியிருந்தார். எடுத்துக்காட்டொன்று காண்போம். ஓர் எண்ணை ஒன்றிலிருந்து கழித்து, வந்ததைக் கொண்டு ஒன்றை வகுப்பது விதியாகுக. 2 என்னும் எண்ணை அதனிடம் கொடுத்தால் −1 வரும். அதனை மீண்டும் கொடுத்தால் ½ வரும். அதனையும் கொடுத்தால் 2 என்னும் முதலெண்ணே திரும்பி வரும். வேறு எண்களை இட்டுப் பார்ப்பினும், இடையில் சுழியத்தால் வகுக்க நேராதவிடத்து, மும்முறையில் முதலெண் மீளும். ஈண்டு வியப்புக்குரியது எண்ணன்று, விதியின் இயல்பேயாம்.

இக்கருத்து ‘ஆர்’ மொழி பயில்வார்க்கு எங்ஙனம் உதவும் என வினவலாம். திண்டுக்கல், நத்தம், நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், பழனி முதலிய தாலுகாக்களின் மழையளவுகள் தனித்தனிப் பட்டியலாக இருப்பன எனக் கொள்வோம். ஒவ்வொன்றற்கும் சராசரி காணல் வேண்டும். புதிதாகப் பயில்வோர் ஒரே வரியைத் தாலுகாதோறும் படியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவர். ஓரிடத்துப் பெயர் மாற மறந்தால் நத்தத்து மழை பழனிக்கு ஏறிவிடும். அடுத்த நிலையினர் ‘ஃபார்’ என்னும் மடக்கினை எழுதுவர். மடக்கணியில் வந்த சொல்லே வேறு பொருளோடு மீண்டும் வருதல் தமிழ் மாணவர் அறிந்தது. இம்மடக்கிலோ வந்த கட்டளையே வேறு தரவோடு மீண்டும் வரும். இது நன்றே. எனினும் வெற்றுப் பெட்டியொன்றை முன்னரே அமைத்தலும், எத்தனையாவது சுற்று என எண்ணுதலும், விடையை உரிய அறையில் இடுதலும் ஆகிய எழுத்தர் வேலைகள், செய்யக் கருதிய செயலை மறைத்துவிடுகின்றன.

மூன்றாம் நிலையே சார்புவழி நிரலாக்கம். ஒரு தாலுகாவிற்குச் செய்யவேண்டியதை ஒரு சார்பாக எழுதி, அதற்குப் பெயரிட்டு, ‘எல்-அப்ளை’ அல்லது ‘மேப்’ என்னும் கருவியிடம் பட்டியலோடு சேர்த்து ஒப்புவித்தலே அம்முறை. சுற்றுகளை எண்ணுவது கருவியின் பொறுப்பு. செயலை வகுப்பது நம் பொறுப்பு. ‘ஆர்’ மொழியில் எண் எங்ஙனம் ஒரு பொருளோ, அங்ஙனமே சார்பும் ஒரு பொருள்; ஒரு சார்பினை மற்றொரு சார்பின் கையிற் கொடுக்கலாம். ‘எல்-அப்ளை’ விடைகளைப் பட்டியலாகவே தரும்; ‘சாப்ளை’ சமயத்திற்கேற்ப வடிவத்தை மாற்றித் தருமாதலின் விழிப்பு வேண்டும்; ‘வி-அப்ளை’ விடையின் வடிவத்தை முன்னரே சொல்லும்படி கேட்டு, அவ்வாறு வாராவிடின் நின்றுவிடும். தகுதியுடையவற்றை மட்டும் பொறுக்குவது ‘ஃபில்டர்’. பலவற்றை ஒன்றோடொன்று கூட்டி ஒன்றாக்குவது ‘ரெட்யூஸ்’. ஒரு சுற்றின் விடை அடுத்த சுற்றுக்கு வேண்டியிருப்பின் ‘ரெட்யூஸ்’ அல்லது மடக்கே பொருந்தும். ஆதலின் மடக்கினை முற்றும் இகழ்தலும் அறிவுடைமையன்று.

‘ரெட்யூஸ்’ தரும் விடை எத்துணை நீண்ட பட்டியலுக்கும் சரியென எவ்வாறு நம்புவது? இவ்விடத்தும் டி மார்கன் துணை நிற்கின்றார். கணிதத் தொகுத்தறிதல் என்னும் நிறுவல் முறை அவர்க்கு முன்னரே வழங்கியது. 1838-இல் அதனைத் தெளிவுற விளக்கி அதற்கு அப்பெயர் நிலைபெறச் செய்தவர் அவர். நம் மலைக்கோட்டைப் படிகளை எண்ணுக. முதற்படியில் ஏற இயலும். எப்படியில் நிற்பினும் அடுத்த படிக்கு ஏற இயலும். இவ்விரண்டும் மெய்யெனின் எல்லாப் படிகளிலும் ஏற இயலும் என்பது திண்ணம். அவ்வாறே முதல் உறுப்புக்கு விடை சரியாதலையும், ஓர் உறுப்பு மிகுந்தால் சரிமை கெடாமையையும் காட்டின் பட்டியல் முழுவதற்கும் காட்டியதாகும்.

‘ஃபில்டர்’ கருவியைக் கையாள்வோர்க்கு அவர் பெயரால் வழங்கும் இரு தருக்க விதிகள் இன்றியமையாதன. தமிழ், கணிதம் இரண்டிலும் தேறியவர் அல்லாதார் யாவர்? தமிழில் தேறாதவராவது கணிதத்தில் தேறாதவராவது ஆவர். இரண்டனுள் ஒன்றிலேனும் தேறியவர் அல்லாதார் யாவர்? இரண்டிலும் தேறாதவரே. ‘அல்ல’ என்பது உள்ளே நுழையுங்கால் ‘உம்’ என்பது ‘ஆவது’ என்றும், ‘ஆவது’ என்பது ‘உம்’ என்றும் மாறுதலை மறந்தோர், உதவித்தொகைக்கு உரியாரை விலக்கி உரியரல்லாரைச் சேர்த்துவிடுவர். ஆகவே இது வெறும் எழுத்து விளையாட்டன்று.

1840 முதல் டி மார்கன் கடித வாயிலாகக் கணிதம் கற்பித்த மாணவியருள் ஒருவர் ஏடா லவ்லேஸ் சீமாட்டி. சார்புச் சமன்பாடுகள் தமக்குப் பிடிபடாது நழுவுவதாக அவ்வம்மையார் ஆசிரியர்க்கு எழுதினார். ஆயினும் தளராது கேட்டுக் கேட்டுப் பயின்றார். 1843-இல் பாபேஜ் திட்டமிட்ட பொறியைப்பற்றிக் குறிப்புகள் வெளியிட்டு, பெர்னூலி எண்களைச் சுற்றுச் சுற்றாகக் கணிக்கும் முறையை வரிசைப்படுத்திக் காட்டினார். இன்று பிடிபடாதவொன்று நாளை கைவரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. இவ்விடத்து ஒரு குறையையும் மறைத்தல் தகாது. ஏடாவின் ஆற்றலை உயர்வாக மதித்த டி மார்கனே, ஆழ்ந்த கணிதம் பெண்ணின் உடல் தாங்காது என அஞ்சி அவர் தாயார்க்கு 1844-இல் எழுதினார். பெரியோரும் தம் காலத்தின் நிழலை முற்றும் கடந்திலர்.

ஆயினும் நாடு பற்றி அறிவை அளக்கும் சிறுமை அவரிடம் இல்லை. டெல்லியிற் கணிதம் கற்பித்த ராமச்சந்திரர் என்பார், நுண்கணிதத்தின் துணையின்றி இயற்கணிதத்தாலேயே பெருமச் சிறுமங்களைக் காணும் நூலொன்றை 1850-இல் கல்கத்தாவில் அச்சிட்டார். அதனைக் கண்ட டி மார்கன், கம்பெனியாரிடம் பரிந்துரைத்து 1859-இல் இலண்டனில் மறுபதிப்பாக்கி, தாமே முகவுரையும் வரைந்தார்.

1866-இல் அவர் இறுதிச் சோதனை வந்தது. தருக்கப் பேராசிரியர் பதவிக்குத் தகுதி வாய்ந்த ஜேம்ஸ் மார்டினோ என்பார், அவர்தம் சமயக் கொள்கை காரணமாக விலக்கப்பட்டார். சமயச் சோதனை இல்லையென நிறுவிய கலாசாலையே அச்சோதனையைப் பின்வாயிலாற் புகுத்தியது கண்டு டி மார்கன் மீண்டும் பதவி துறந்தார். அறுபது வயது, வேறு பெரும்பொருள் இல்லை. அதற்கு முந்திய ஆண்டில் அவர் இலண்டன் கணிதக் கழகத்தின் முதல் தலைவராகியிருந்தார். அக்கழகம் தோன்றக் காரணராயிருந்தவருள் ஒருவரான அவர் மகன் ஜார்ஜ் 1867-இல் இறந்தார்; 1870-இல் மகளொருத்தியும் இறந்தாள். துயரால் நலிந்த அப்பெரியார் 1871 மார்ச்சு 18-இல் மறைந்தார்.

அவர் கணிப்பொறியைக் கண்டவரல்லர். சார்பினையே அடிப்படையாக வைத்த லாம்டா முறையை அலோன்ஸோ சர்ச் வகுத்தது 1930-களில். ‘ஆர்’ மொழியின் தாயாகிய ‘எஸ்’ மொழி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது 1976-இல். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ‘ஆர்’ மொழியை ஆக்கியது 1990-களில். இவற்றையெல்லாம் டி மார்கனே செய்தாரெனப் புனைதல் அவர் உண்மை நெறிக்கே இழுக்காகும். விதியை எண்ணினின்று பிரித்து ஆராயலாம் எனக் காட்டினோருள் அவர் ஒருவர் என்பதே யாம் கூறுவது.

ஆராயாத கோட்பாட்டிற்குக் கையொப்பமிட மறுத்தார் அவர். மாணவ நண்பர்களே! பிறர் எழுதிய நிரலைப் பொருளறியாது படியெடுத்து, வந்த விடையின்கீழ் நம் பெயரை எழுதுதலும் ஒரு கையொப்பமன்றோ? அவ்விடையை நம்பியே ஒரு தாலுகாவிற்கு வறட்சி நிவாரணம் வரலாம், வாராதும் போகலாம். ஒன்றற்குச் செய்வதை முதலில் தெளிவுற அறிக. அதனைச் சார்பாக எழுதுக. சிறு எண்களிற் சோதித்து உண்மை காண்க. பின்னரே அனைத்திற்கும் செலுத்துக. மதுரையிற் பிறந்த அப்பேராசிரியர்க்கு இப்பாண்டிநாட்டு மாணவர் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாம்.