மகிழ்ச்சியின் ரசவாதம்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வாழ்வில் நடந்த மாற்றம்

ஹிஜ்ரி 488-ஆம் ஆண்டு, அதாவது 1095. பக்தாத் நகரின் நிஜாமிய்யா மதரஸாவில் மாணவர்கள் கூடியிருந்தார்கள். வந்தவர்களின் மனம் குளிர ஒரு நாளாவது பாடம் நடத்திவிட வேண்டும் என்று உஸ்தாத் முயன்றார்கள். நாவு அசையவில்லை. ஒரு சொல்கூட வெளிவரவில்லை. அன்றைய முஸ்லிம் உலகின் மிகப் பெரிய கல்விக்கூடத்தில், சுமார் 300 மாணவர்களுக்குப் பாடம் சொல்லிவந்த இமாம் அபூ ஹாமித் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்தாம் அந்த உஸ்தாத். அப்போது அவர்களுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

பேச்சு நின்றது. துக்கம் நெஞ்சை அடைத்தது. பிறகு உடலும் ஒத்துழைக்க மறுத்தது. ஒரு வாய் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை, ஒரு கவளம் உணவு செரிக்கவில்லை. மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள். இது உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவிய நோய், மனத்தை அழுத்தும் கவலை நீங்கினால் தவிர மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இதையெல்லாம் வேறு யாரோ எழுதிவைக்கவில்லை. இமாம் அவர்களே தம் வாழ்க்கை அனுபவத்தைச் சொல்லும் ‘அல்முன்கிது மினள் ளலால்’ நூலில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்கள்.

ஜுமுஆ முடிந்ததும் நம்மிடம் துஆச் செய்யச் சொல்லி வருபவர்களில் ஒரு சாரார் உண்டு. வீடு கட்டி முடித்தாயிற்று, பிள்ளைகள் வளைகுடாவில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள், மகளுக்கு நல்ல இடம் அமைந்துவிட்டது. ஆனாலும் இரவில் தூக்கமில்லை, மனத்தில் நிம்மதி இல்லை என்பார்கள். என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர்களுக்கு நாம் சொல்வது இந்த இமாமின் கதையைத்தான். மனச்சோர்வு வந்தாலே ஈமானில் குறை என்று பேசுகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உம்மத் போற்றும் ஒருவருக்கே அந்த நிலை வந்தது. அவர்கள் அதை மறைக்கவில்லை, மருத்துவரைப் பார்க்கவும் மறுக்கவில்லை.

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 450-இல் (1058) இன்றைய ஈரானில் உள்ள தூஸ் நகரில் பிறந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தந்தை கம்பளி நூற்று விற்ற ஏழை. மரண வேளையில் தம் இரு மகன்களான முஹம்மதையும் அஹ்மதையும், கையிலிருந்த சிறு தொகையோடு ஒரு ஸூஃபி நண்பரிடம் ஒப்படைத்தார். தமக்குக் கிடைக்காத கல்வி பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவரது ஆசை. பணம் தீர்ந்தபோது அந்த நண்பர் உண்மையைச் சொல்லிவிட்டார்: என்னிடமும் ஒன்றுமில்லை, மதரஸாவில் சேர்ந்தால் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கும், போய்ச் சேருங்கள் என்றார். அப்படித்தான் அந்த எத்தீம் பிள்ளைகள் ஓத வந்தார்கள். வயிற்றுக்காகத் தொடங்கிய கல்வி என்பதைப் பிற்காலத்தில் இமாம் அவர்கள் வெட்கப்படாமல் சொல்லியிருக்கிறார்கள்.

இளமையில் ஜுர்ஜானுக்குச் சென்று ஓதிவிட்டுத் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் அவர்களின் பையைப் பறித்தார்கள். அதற்குள் பாடக் குறிப்புகள் இருந்தன. பின்னாலேயே ஓடி, அவை உங்களுக்குப் பயன்படாது, திருப்பித் தாருங்கள் என்று கெஞ்சினார்கள். பையைப் பறித்தால் போய்விடும் கல்வி என்ன கல்வி என்று கொள்ளைத் தலைவன் சிரித்தான். குறிப்புகளைத் திருப்பித் தந்துவிட்டான். அந்தக் கேலி மட்டும் உள்ளே தங்கிவிட்டது. ஊர் திரும்பி மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மனனம் செய்தார்கள்.

பிறகு நீஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள். 1085-இல் ஆசிரியர் வஃபாத்தானபின் ஸெல்ஜூக் அரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அவையில் இடம் கிடைத்தது. 1091-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியர் பதவி தேடி வந்தது. அவர்கள் பக்தாதுக்குள் நுழைந்தபோது உடையும் வாகனமும் 500 தீனார் பெறும் என்று பார்த்தவர்கள் மதிப்பிட்டதாக இப்னுல் ஜவ்ஸி பதிவு செய்கிறார். கலீஃபாவும் அமைச்சர்களும் மரியாதை செய்தார்கள். தத்துவவாதிகளுக்கு மறுப்பாக எழுதிய ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ பெரும் புகழ் தந்தது. விவாத மேடையில் அவர்களை வென்றவர் இல்லை.

அந்தப் புகழின் நடுவில்தான் தம்மைத் தாமே சோதித்துப் பார்த்தார்கள். கற்பித்தல் சிறந்த அமல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை எதற்காகச் செய்கிறேன்? அல்லாஹ்வுக்காகவா, பேர் எடுக்கவா? கிடைத்த விடை கசப்பாக இருந்தது. நிய்யத் சுத்தமில்லை. இடிந்து விழும் கரையின் விளிம்பில் நிற்கிறோம் என்று தோன்றிவிட்டது.

ஆனால் தோன்றியவுடன் மாறிவிட்டார்களா என்றால், இல்லை. ரஜப் மாதம் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் உள்ளே ஒரே போராட்டம். காலையில் எல்லாவற்றையும் விட்டுவிட முடிவெடுப்பார்கள், மாலைக்குள் ஆசைகள் படை திரட்டி வந்து அந்த முடிவைக் கலைத்துவிடும். இவ்வளவு உயர்ந்த பதவியை விட்டால் திரும்பக் கிடைக்குமா என்று நஃப்ஸு கேட்கும். ஒரு காலை முன்னே வைத்தால் மறுகால் பின்னே போகும். மனநிலையை மாற்றிக்கொள்ளுங்கள், மகிழ்ச்சி தானாக வரும் என்று இன்று எளிதாகப் பேசுகிறார்கள். இவ்வளவு பெரிய மகானுக்கே அது ஆறு மாதப் போராட்டம். நாவு பூட்டப்பட்ட பிறகுதான், தம்மால் முடியாது என்று ஒப்புக்கொண்டு அல்லாஹ்விடம் முழுமையாகக் கையேந்தினார்கள். அதன்பின் பதவியும் செல்வமும் விடுவதற்கு எளிதாகிவிட்டன.

மக்கா செல்வதாக வெளியே சொன்னார்கள். மனத்தில் இருந்ததோ ஷாம் தேசம். உண்மையைச் சொன்னால் கலீஃபாவும் நண்பர்களும் விடமாட்டார்கள் என்ற அச்சம். பிள்ளைகளுக்குத் தேவையானதை வைத்துவிட்டு மற்றச் செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். வகுப்பை நடத்தத் தம்பி அஹ்மதை அமர்த்தினார்கள். ஊரார் பலவாறு பேசினார்கள். ஆட்சியாளர்களின் கோபத்துக்குப் பயந்து ஓடுகிறார் என்றார்கள் தொலைவில் இருந்தவர்கள். அந்த ஆட்சியாளர்களே போகாதீர்கள் என்று மன்றாடியதைக் கண்ணால் கண்டவர்களோ, இது இஸ்லாமியச் சமுதாயத்தின் மீது பட்ட கண்ணேறு என்றார்கள். மார்க்கத்துக்காகவே ஒருவர் பதவியை விடுவார் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. நம் காலத்திலும் அப்படித்தான் பேசியிருப்பார்கள்.

டமாஸ்கஸில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். உமையா பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருப்பார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ். ஹெப்ரானில் இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதிகள் எடுத்தார்கள்: அரசர்களின் அவைக்குச் செல்வதில்லை, அவர்களின் பணத்தை வாங்குவதில்லை, வெற்றிக்காக விவாதம் செய்வதில்லை. அவர்களுடைய மன அமைதியைக் குலைத்தவை எவை என்பதற்கு இந்த மூன்றையும்விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பின்னர் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள்.

இனி ஊர் திரும்பும் எண்ணமே இல்லை என்றிருந்தவர்களைப் பிள்ளைகளின் அழைப்பு வீட்டுக்கு இழுத்து வந்தது. இந்த இடத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஊரில் இருந்தும் தனிமையையே நாடினார்கள். குடும்பத் தேவைகளும் பிழைப்பின் அவசியங்களும் அடிக்கடி குறுக்கிட்டன, உள்ளத் தெளிவு எப்போதாவதுதான் முழுமையாகக் கிடைத்தது என்றும் எழுதுகிறார்கள். மகான்கள் என்றாலே எந்நேரமும் பரவசத்தில் இருப்பவர்கள் என்று எண்ணுகிறோம். அரிசி பருப்புக் கவலைக்கு நடுவில்தான் அவர்களும் நிம்மதியைத் தேடியிருக்கிறார்கள்.

இந்த ஆண்டுகளில் உருவானதுதான் 40 பாகங்கள் கொண்ட ‘இஹ்யா உலூமித்தீன்’. அதன் பின்னர், அரபு ஓதாத சாதாரண மக்களுக்காகத் தம் தாய்மொழியான பாரசீகத்தில் ‘கீமியாயே ஸஆதத்’ என்ற நூலை எழுதினார்கள். கீமியா என்றால் ரசவாதம், செம்பைப் பொன்னாக்கும் வித்தை. ஸஆதத் என்றால் மகிழ்ச்சி, நற்பேறு. நம் ஊரில் சித்தர்கள் செய்ததாகக் கதை சொல்வார்களே, அதே வித்தை. ஆனால் இங்கே உருக்கப்படும் செம்பு மனிதனின் உள்ளம். வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை, இருப்பதன் தன்மை மாறுகிறது.

மதரஸாவில் நாம் இந்த நூல்களின் பகுதிகளை ஓதியபோது மதிப்பெண்தான் கண்ணில் நின்றது. பின்னர் கல்லூரியில் பி.ஏ. படித்தபோது இமாமின் பெயர் தத்துவவாதிகளை மறுத்தவர் என்ற இரண்டு வரியோடு முடிந்துபோனது. குடும்பம், கடன், தாயின் நோய் எல்லாம் வந்தபிறகு மறுபடி எடுத்து வாசித்தபோதுதான் இது பாடப்புத்தகமல்ல என்று புரிந்தது.

கீமியாவில் ஒரு கப்பல் வருகிறது. பயணிகளை ஒரு தீவில் சிறிது நேரம் இறக்கிவிடுகிறார்கள், சீக்கிரம் திரும்பிவிடச் சொல்லி எச்சரிக்கிறார்கள். வேலையை முடித்து உடனே திரும்பியவர்களுக்கு வசதியான இடம் கிடைக்கிறது. மரங்களையும் பறவைகளையும் பார்த்து நின்றவர்களுக்கு நெருக்கமான இடம். வண்ணக் கற்களைப் பொறுக்கி வந்தவர்களுக்கு உட்காரவே இடமில்லை, கற்களை வேறு சுமக்க வேண்டும். இன்னும் சிலர் கப்பலையே மறந்துவிட்டார்கள். தீவு எல்லோருக்கும் ஒன்றுதான், அதைப் பார்த்த பார்வைதான் வேறு. 

இஹ்யாவில் நன்றியுணர்வைப் பற்றிய பகுதியில் வறுமையை நொந்துகொண்ட ஒருவர் வருகிறார். பத்தாயிரம் திர்ஹம் தந்தால் கண்களைத் தருவாயா என்று அவரிடம் கேட்கப்படுகிறது. மாட்டேன் என்கிறார். பேச்சைத் தருவாயா? கை கால்களை? அறிவை? எதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. அப்படியானால் பல்லாயிரம் திர்ஹம் பெறும் செல்வத்தை உடம்பில் வைத்துக்கொண்டா புலம்புகிறாய் என்று கேட்பதோடு அவரது புகார் முடிந்துபோகிறது.

இதைக் கேட்டதும் மனம் இலேசாகும், மறுநாள் பழையபடி ஆகிவிடும். இமாம் அவர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் குணத்தை மாற்றும் வழியை அழகாக எழுத முயல்பவனோடு ஒப்பிடுகிறார்கள். நல்ல எழுத்து வேண்டுமென்றால், வரும்வரை காத்திருப்பதில்லை. அழகாக எழுதுபவரின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, சிரமப்பட்டு எழுத வேண்டும். கை பழகியபின் அதுவே இயல்பாகிவிடும். உள்ளமும் அப்படியே. பணிவு இல்லாதவர் பணிவானவர் செய்வதைச் செய்துவர வேண்டும். பொறாமை அரிக்கிறதா, பொறாமைப்படும் அதே ஆளைப் புகழ்ந்து பேச வேண்டும், அவருக்கு அன்பளிப்புக் கொடுக்க வேண்டும். முதலில் நடிப்புப் போலத் தோன்றும். ஆனால் செயல் முன்னே செல்ல, உள்ளம் பின்னே வந்து சேர்ந்துவிடும். நம் வீட்டில் மச்சினன் வாங்கிய புதுக் காரைப் பார்த்து நெஞ்சு எரியும் நாளில் இதைச் செய்து பார்க்கலாம். சொல்வதுபோல் எளிதல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

1106-இல் நிஜாமுல் முல்க்கின் மகன் ஃபக்ருல் முல்க், நீஷாப்பூர் நிஜாமிய்யாவில் பாடம் நடத்த வருமாறு விடாமல் வற்புறுத்தினார். ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்குப் பின் இமாம் அவர்கள் மீண்டும் வகுப்பறையில் அமர்ந்தார்கள். அதே வேலை, அதே வகை மதரஸா, அதே பாடங்கள். ஆனால் இது பழைய இடத்துக்குத் திரும்புவதல்ல என்று அவர்கள் தெளிவாக எழுதுகிறார்கள். முன்பு பதவியைப் பெற்றுத்தரும் கல்வியைக் கற்பித்தேன், இப்போது பதவியாசையை விடச் சொல்லும் கல்வியைக் கற்பிக்கிறேன் என்பது அதன் சாரம். நிம்மதிக்காக வேலையை விட்டுவிட வேண்டும் என்று இந்த வரலாற்றைப் புரிந்துகொள்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது நம் கருத்து.

ஒருவர் தன் மாற்றத்தைத் தானே சொல்வதை அப்படியே நம்ப வேண்டுமா என்று கேட்கலாம். அப்துல் காஃபிர் அல்ஃபாரிஸி என்ற நீஷாப்பூர் அறிஞருக்கும் இதே சந்தேகம் இருந்தது. பழைய கஸ்ஸாலியை அவர் நேரில் அறிந்தவர். தம் அறிவிலும் பேச்சுத் திறனிலும் செருக்குற்று, பிறரை இளக்காரமாகப் பார்த்தவர் என்று கூசாமல் எழுதியிருக்கிறார். இந்தப் பணிவு வேடமாக இருக்கும் என்றே முதலில் நினைத்தார். பலமுறை சென்று சந்தித்துப் பழகிப் பார்த்தபின், இது நடிப்பல்ல, மனிதர் உண்மையிலேயே மாறிவிட்டார் என்று முடிவுக்கு வந்தார். பக்தாத் மக்களும் கண்டார்கள். துறவு மேற்கொண்டபின் அந்நகருக்கு வந்தபோது இமாமின் உடை 15 கீராத்துதான் பெறும் என்று அதே இப்னுல் ஜவ்ஸியின் பதிவு கூறுகிறது. 500 தீனார் எங்கே, சில்லறைக் காசுகளான 15 கீராத் எங்கே!

நீஷாப்பூரிலும் நெடுநாள் இருக்கவில்லை. தூஸுக்குத் திரும்பி, வீட்டை ஒட்டி மாணவர்களுக்கு ஒரு மதரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்தார்கள். குர்ஆன் ஓதுவது, மாணவர்களுக்குப் பாடம் சொல்வது, நல்லோருடன் அமர்வது என்று நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பக்தாத் நிஜாமிய்யாவுக்கே திரும்ப வருமாறு மறுபடி அழைப்பு வந்தது. ஒரு காலத்தில் அதைவிட உயர்ந்த பதவி அவர்கள் கண்ணில் இல்லை. இங்கே மாணவர்கள் இருக்கிறார்கள், குடும்பம் இருக்கிறது, இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் எடுத்த உறுதியும் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். கடைசிக் காலத்தில் ஸஹீஹுல் புகாரியையும் ஸஹீஹ் முஸ்லிமையும் ஒரு மாணவரைப்போல ஓதத் தொடங்கியிருந்தார்கள்.

ஹிஜ்ரி 505, ஜமாதுல் ஆகிர் 14, திங்கட்கிழமை. 1111 டிசம்பர் 18. தம்பி அஹ்மத் அன்றைய காலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இமாம் அவர்கள் உளூச் செய்து தொழுதார்கள். கபன் துணியைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி, முத்தமிட்டு, கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். கால்களை நீட்டி, கிப்லாவை முன்னோக்கிப் படுத்தார்கள். நன்கு விடிவதற்குள் உயிர் பிரிந்திருந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பெண் மக்கள் மட்டுமே வாரிசுகளாக இருந்தார்கள்.