பாலேட்டைப் பிரித்த பொறியாளர்: குஸ்டாவ் டி லாவல்

நுழையும் முன்

மாணவர்களே! கலங்கிய நீரைக் குடத்தில் ஊற்றி அசையாமல் வைத்தால், மண் மெல்ல மெல்ல அடியில் படியும். அதற்குச் சில நாழிகை ஆகும். குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். அக்கொட்டை நீரில் மிதக்கும் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும். ஒட்டிப் பெரியவையான துகள்கள் விரைந்து படியும். துகளைப் பெரிதாக்குவது ஒரு வழி. துகளை இழுக்கும் விசையையே பெரிதாக்குவது மற்றொரு வழி. அந்த இரண்டாவது வழியை ஆலைகளில் இடைவிடாது பயன்படுமாறு செய்த ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள சுவீடன் நாட்டில், டாலர்னா மாநிலத்தின் ஓர்சா என்னும் ஊரில், 1845-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் குஸ்டாவ் டி லாவல் பிறந்தார். அவருடைய முன்னோர் பிரான்சு நாட்டிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் சுவீடனுக்குக் குடிபெயர்ந்தவர்கள். ஸ்டாக்ஹோம் நகரின் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் பயின்று, 1866-இல் எந்திரப் பொறியாளராகத் தேறினார். கற்றது போதும் என்று அவர் அமையவில்லை. உப்சாலா பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்று, 1872-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

எந்திரம், வேதியியல் ஆகிய இரு துறையறிவும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அக்காலத்தில் அரிது. ஒரு பொருள் எத்தன்மையது என்பதை வேதியியல் கற்பித்தது; அதை எவ்வாறு கையாளலாம் என்பதைப் பொறியியல் கற்பித்தது. இவ்விரண்டும் சேர்ந்தே அவருடைய பிற்காலக் கண்டுபிடிப்புகளுக்கு வித்தாயின.

காத்திருந்த பால்

1870-களில் டி லாவல் குளோஸ்டர் என்னும் இரும்பாலையில் பொறியாளராகப் பணியாற்றினார். அக்காலச் சுவீடனில் வெண்ணெய் ஓர் இன்றியமையாத விளைபொருள். வெண்ணெய் எடுக்க முதலில் பாலிலிருந்து பாலேட்டைப் பிரிக்க வேண்டும். உழவர்கள் பாலை அகன்ற தட்டுகளில் ஊற்றிக் குளிர்ந்த இடத்தில் நெடுநேரம் வைத்திருப்பார்கள். நீரினும் இலேசான கொழுப்புத் துளிகள் மெல்ல மேலெழுந்து ஏடாகப் படரும். அதை அகப்பையால் வழித்தெடுப்பார்கள். இதற்கிடையில் பால் புளித்துப்போவதும் உண்டு. கொழுப்பில் ஒரு பகுதி பாலிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

செருமனியில் வில்கெல்ம் லேபெல்ட் என்பவர் பாலைக் கலத்தில் இட்டு வேகமாகச் சுழற்றிப் பாலேட்டைப் பிரிக்கும் எந்திரத்தை உருவாக்கியிருந்தார். அச்செய்தி 1877-இல் டி லாவலின் கவனத்துக்கு வந்தது. அந்த எந்திரத்தில் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு முறையும் கலத்தை நிரப்பி, சுழற்றி, நிறுத்தி, ஏட்டை எடுத்து, மீண்டும் நிரப்ப வேண்டும். சுழலும் நேரத்தை விட நிறுத்தித் தொடங்கும் நேரமே மிகுந்தால் பயன் என்ன? கலம் நில்லாமலே பால் உள்ளே வரவும், பிரிந்தவை வெளியேறவும் வழி உண்டா என்பதே டி லாவல் தம்மிடம் கேட்டுக்கொண்ட கேள்வி.

நில்லாத கலம்

அக்கேள்விக்கு 1878-இல் அவர் விடை கண்டார். அவருடைய கலத்தில் பால் நடுவே உள்ள குழாய் வழியாகத் தொடர்ந்து உள்ளே இறங்கும். கலம் சுழலும்போது அடர்த்தி மிகுந்த கொழுப்பு நீங்கிய பால் சுவரை நோக்கி ஒதுங்கும். அடர்த்தி குறைந்த பாலேடு நடுப்பகுதியில் திரளும். இவ்விரண்டும் தனித்தனி வழிகளில் இடைவிடாது வெளியேறும். தொடக்கக் கால எந்திரமே மணிக்கு ஏறத்தாழ 130 லிட்டர் பாலைப் பிரித்தது.

ஆஸ்கர் லாம் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து டி லாவல் இந்த எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1883-இல் அத்தொழில், செப்பரேட்டர் என்னும் பெயரில் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. செருமானியரான கிளெமென்ஸ் பான் பெக்டோல்ஷைம், கலத்தினுள் கூம்பு வடிவத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் பிரித்தல் மேலும் சிறக்கும் எனக் கண்டு, 1888-இல் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை அந்நிறுவனம் மறு ஆண்டே விலைக்கு வாங்கியது. தட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. ஆகவே, ஒரு துகள் கலத்தின் சுவர்வரை செல்ல வேண்டியதில்லை. அடுத்த தட்டைத் தொட்டாலே போதும். கடக்க வேண்டிய தொலைவு குறைந்ததால் வேலை விரைந்து முடிந்தது.

சுழற்சியின் வலிமை

குடைராட்டினத்தில் சுற்றும்போது உடல் வெளிப்புறமாகத் தள்ளப்படுவது போல் தோன்றுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அதுவே மையவிலக்கு விசை எனப்படுகிறது. 10 சென்டிமீட்டர் ஆரம் உள்ள கலம் நிமிடத்திற்கு 6000 முறை சுழன்றால், அதன் சுவரருகே உள்ள துகளின்மீது புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 4000 மடங்கு விசை செயற்படும். அங்கு ஒரு கிலோகிராம் பொருள் நான்கு டன் எடையுள்ளது போல் அழுத்தும். குடத்தில் நெடுநேரம் காத்திருந்து படிவது இங்கு நொடிகளில் ஒதுங்குவதற்குக் காரணம் இதுவே.

துகள் பெரிதாக இருந்தால் விரைந்து பிரியும். துகளுக்கும் நீர்மத்துக்கும் அடர்த்தி வேறுபாடு மிகுந்தால் விரைந்து பிரியும். நீர்மம் தேன்போல் குழைவாக இருந்தால் தாமதமாகப் பிரியும். ஆயினும் இவ்வெந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நீரில் கரைந்துவிட்ட உப்பை அது பிரிக்காது. மிதப்பவற்றைப் பிரிக்கும், கரைந்தவற்றைப் பிரிக்காது.

சுவரில் படிந்த பாடம்

பாலேடு பிரிக்கும் கலத்தைக் கழற்றிய பணியாளர்கள் அதன் உட்சுவரில் ஒரு கசடு படிந்திருப்பதைக் கண்டனர். பாலில் கலந்திருந்த தூசும் அழுக்கும் பாலை விட அடர்த்தி மிகுந்தவை ஆதலால் சுவரில் ஒட்டிக்கொண்டன. வெண்ணெய்க்காகச் செய்த எந்திரம், கேளாமலே பாலைத் தூய்மையும் செய்தது.

பாலில் இயல்வது எண்ணெயிலும் இயலும் அன்றோ? டி லாவல் மறைந்த சில ஆண்டுகளிலேயே, எண்ணெயிலிருந்து நீரையும் கசடையும் நீக்கும் மையவிலக்கிகள் வந்தன. இன்று பெருங்கப்பல்களில் எரியெண்ணெயை ஏறத்தாழ 98 டிகிரி செல்சியசு வரை சூடாக்கி, அதன் குழைவைக் குறைத்து, மையவிலக்கியில் செலுத்துகிறார்கள். துருவும் நுண்மணலை ஒத்த துகள்களும் நீங்காமல் எஞ்சினுக்குள் சென்றால், உருளைகளின் உட்சுவரைச் சுரண்டித் தேய்த்துவிடும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால், கப்பலில் உள்ளோரின் உயிருக்கே இடர். உலோகத்தைச் சாணை பிடிக்கும் தொழிற்கூடங்களில், குளிர்விக்கும் நீர்மத்தில் கலந்த இரும்புத் துகளை நீக்கி அந்நீர்மத்தை மீண்டும் பயன்படுத்துவதற்கும் இதே முறை உதவுகிறது.

கசடு படியப் படியக் கலத்தை நிறுத்திச் சுரண்ட வேண்டியிருந்தது. பிற்காலப் பொறியாளர்கள் அதற்கும் வழி கண்டனர். சுழன்றுகொண்டிருக்கும்போதே கலம் நொடிப்பொழுது திறந்து, கசடை வெளியே வீசி, மீண்டும் மூடிக்கொள்ளும். கழிவுநீரில் உள்ளது போன்ற மிகுதியான சேற்றைப் பிரிக்க, படுக்கைவாட்டில் சுழலும் உருளையும் அதனுள் கசடைத் தள்ளிச் செல்லும் திருகும் அமைந்த எந்திரங்கள் உள்ளன. இவை அனைத்தும், நில்லாமல் பிரிக்க வேண்டும் என்ற டி லாவலின் அதே கேள்வியின் தொடர்ச்சியே.

தூங்கும் பம்பரம்

கலத்தை அத்தனை வேகத்தில் சுழற்றுவது எளிதன்று. அதற்கெனச் சிறிய நீராவிச் சுழலி ஒன்றை உருவாக்க முனைந்த டி லாவல், அத்துறையிலும் புதுமை படைத்தார். உடுக்கை போல இடை சிறுத்துப் பின் விரியும் குழலின் வழியே நீராவியைச் செலுத்தினார். அதனால் நீராவி ஒலியின் வேகத்தையும் விஞ்சிப் பாய்ந்தது. அது மோதிய சக்கரம் நிமிடத்திற்கு 30,000 முறை வரை சுழன்றது.

அவ்வேகத்தில் மிகச் சிறிய எடைப் பிழையும் சக்கரத்தை அதிரச் செய்து அச்சை முறித்துவிடும். பிறர் அச்சைத் தடித்ததாக்க எண்ணுமிடத்தில், டி லாவல் அதை மெல்லியதாக்கினார். மெல்லிய அச்சு சற்றே வளைந்து கொடுத்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்ததும், சக்கரம் தன் எடைமையத்தைத் தானே கண்டுகொண்டு அமைதியாகச் சுழன்றது. நன்றாகச் சுற்றும் பம்பரம் அசையாமல் நிற்பதைப் பம்பரம் தூங்குகிறது என்போமே, அதைப் போல! இன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் எழும் ஏவூர்திகளின் எஞ்சின்களிலும், இடை சிறுத்து விரியும் அக்குழல் வடிவமே அமைந்திருக்கிறது.

ஈட்டியதும் இழந்ததும்

டி லாவல் சுவீடன் நாடாளுமன்ற உறுப்பினராகவும், அந்நாட்டு அறிவியல் கழகத்தின் உறுப்பினராகவும் விளங்கினார். தம் வாழ்நாளில் 92 சுவீடியக் காப்புரிமைகளைப் பெற்றார். 37 நிறுவனங்களைத் தொடங்கினார். பால் கறக்கும் எந்திரம் முதல் உலோகம் உருக்குதல் வரை அவர் கை வைக்காத துறை குறைவு. ஒன்றில் ஈட்டிய பொருளை அடுத்ததில் கொட்டினார். ஒரு கண்டுபிடிப்பு கனிவதற்குள் மனம் இன்னொன்றுக்குத் தாவியது. பால் கறக்கும் எந்திரமும் அவர் காலத்தில் விற்பனையில் வெற்றி காணவில்லை. அவர் மறைந்த பின்னரே அவர் தொடங்கிய நிறுவனம் அதில் வெற்றி கண்டது.

எதையும் பிரித்தறியும் எந்திரத்தைப் படைத்தவர், தம் எண்ணங்களுள் எது இன்றைக்கு உரியது, எது காத்திருக்க வேண்டியது எனப் பிரிக்க முடியாமல் தவித்தார். பெரும் செல்வம் ஈட்டிய அவர் கடன்பட்டவராய், 1913-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் காலமானார். அப்போது அவருக்கு அகவை 67.

அவருடைய நிறுவனம் 1963-இல் ஆல்ஃபா லாவல் எனப் பெயர் மாறியது. அதன் தொழிற்சாலை ஒன்று நம் நாட்டின் புனே நகரிலும் உள்ளது. நீங்கள் காலையில் வாங்கும் பால் உறையைப் பாருங்கள். கொழுப்பு 3 விழுக்காடு என்றோ 6 விழுக்காடு என்றோ அதில் அச்சிடப்பட்டிருக்கும். பால் பண்ணைகளில் அந்த அளவைச் சரிசெய்ய உதவுவது சுழலும் கலமே. டி லாவல் சேர்த்த செல்வம் அவரோடும் நிற்கவில்லை; அவர் தொடங்கி வைத்த சுழற்சியோ இன்றும் நிற்கவில்லை.

சொற்பொருள்

பாலேடு – பாலின் மேல் படரும் கொழுப்புப் பகுதி
கசடு – அழுக்கு, மண்டி
குழைவு – எளிதில் ஓடாத தன்மை
அகவை – வயது
விஞ்சுதல் – மிகுதல், மேம்படுதல்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. பாலேடு  2. மையவிலக்கு  3. நுண்துகள்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. லேபெல்டின் எந்திரத்தில் டி லாவல் கண்ட குறை யாது?
2. கூம்புத் தட்டுகள் பிரித்தலை எவ்வாறு விரைவாக்கின?
3. கப்பலில் எரியெண்ணெயை ஏன் சூடாக்குகிறார்கள்?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
பல துறைகளில் ஒரே காலத்தில் ஈடுபடுதல், ஒன்றை முழுதாய் முடித்து அடுத்ததைத் தொடங்குதல் – டி லாவலின் வாழ்வை வைத்து இவ்விரண்டையும் ஒப்பிட்டு உம் கருத்தை எழுதுக.

ஈ. செய்து பார்.
கண்ணாடிக் குவளை ஒன்றில் மண் கலந்த நீரையும், மற்றொன்றில் உப்புக் கரைசலையும் ஊற்றி ஒரு நாள் அசையாமல் வை. எதில் படிவு உண்டாகிறது, எதில் உண்டாகவில்லை என்பதைக் காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுது.