சுமைக்கு எல்லைக்கோடு கேட்டவர்: சாமுவேல் பிளிம்சோல்

கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலொன்றைப் பக்கவாட்டில் பார்த்தால், உடலின் நடுப்பகுதியில் ஒரு வட்டமும் அதை ஊடறுக்கும் கிடைக்கோடும் தெரியும். பருவத்துக்கும் கடலுக்கும் ஏற்ப அருகில் சில சிறுகோடுகளும் இருக்கும். உரிய கோடு நீரில் மூழ்குமளவுக்குச் சுமை ஏற்றக்கூடாது. கப்பற் சட்டங்களில் எழுத்தறிவில்லாதவரும் வாசிக்கக்கூடிய விதி இதுவாகத்தான் இருக்கும். அதற்காக மல்லுக்கட்டியவர் சாமுவேல் பிளிம்சோல்.

1824 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தவர், நிலக்கரி வியாபாரி. வியாபாரம் நொடித்து, இலண்டனில் மலிவான விடுதியொன்றில் வாரம் 8 ஷில்லிங்குக்கும் குறைவான காசில் காலம் தள்ளினார். மீண்டெழுந்து 1868 இல் டெர்பி தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார்.

அன்று பழுதடைந்த கப்பலை அளவுக்கு மீறி நிரப்பிக் கடலுக்கு அனுப்பலாம். மூழ்கினால் உரிமையாளருக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்கும். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டபின் அந்தக் கப்பலில் ஏற மறுக்கும் மாலுமிக்கோ சிறை. கடலுக்கும் சட்டம் இருக்கத்தான் செய்தது. அது மாலுமியைத்தான் பிடித்தது.

சுமைக்கோடு பிளிம்சோலின் சொந்த யோசனை அல்ல. நியூகாசில் கப்பல் உரிமையாளர் ஜேம்ஸ் ஹோல் அவருக்கு முன்பே அதை வலியுறுத்தினார். பிளிம்சோல் செய்தது அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மாலுமிகளின் நிலை பற்றி 1873 இல் அவர் வெளியிட்ட நூல் நாட்டை உலுக்கியது. அவதூறு வழக்குகள் பாய்ந்தன. அரச விசாரணை ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது.

1875 ஜூலை 22 அன்று, கப்பற் சட்டமூலத்தைக் கைவிடுவதாகப் பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். பிளிம்சோல் கொதித்தெழுந்தார். உறுப்பினர்களை அயோக்கியர்கள் என்று திட்டி, சபாநாயகர் முன் முஷ்டியை உயர்த்தினார். ஒரு வாரத்தில் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அதற்குள் மக்கள் அவர் பக்கம் திரண்டுவிட்டார்கள். அரசு அவசரமாகத் தற்காலிகச் சட்டமொன்றை நிறைவேற்றியது. 1876 இல் நிரந்தரச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்திலும் பெரிய ஓட்டை. கோடு கட்டாயம், அதை எங்கே வரைவது என்பது உரிமையாளரின் விருப்பம்! புகைபோக்கியில் வரைந்த கப்பற் தலைவர் ஒருவரின் கதைகூட உண்டு. மாலுமிகளுக்குக் கிடைத்தது வெறும் வர்ணப்பூச்சு. கோட்டின் இடத்தை 1890 இல்தான் சட்டம் தன் கையில் எடுத்தது. பிளிம்சோல் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஆசனத்தை விட்டுக்கொடுத்திருந்தார்.

அவர் 1898 இல் இறந்தார். பிரித்தானியத் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களும் 1906 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டன. பல நாடுகள் சேர்ந்து அதைச் சர்வதேச சமவாயமாக்க 1930 ஆகியது.