சிற்றூர்ச் செல்வம் கண்ட குமரப்பா

பாரத நாட்டின் உயிர்நிலை அதன் சிற்றூர்களே எனத் தெளிந்து, அவற்றின் உயர்வுக்கே தம் வாழ்நாளை ஈந்தவர் ஜே. சி. குமரப்பா. இவர் 1892 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4 ஆம் நாள், தஞ்சை மாநகரில் கிறித்தவக் குடியொன்றில் தோன்றினார். இளமையில் கொர்னேலியஸ் என்னும் குடிப்பெயரால் வழங்கப்பெற்ற இவர், பின்னர்த் தம் முன்னோர் பெயராகிய குமரப்பா என்பதை மேற்கொண்டார்.

குமரப்பா இலண்டனில் கணக்காய்வுக் கலை பயின்று, பம்பாயில் அத்தொழிலைச் சிறப்புற நடத்தினார். பிறகு அமெரிக்கா சென்று, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆராய்ந்தார். நம் நாட்டின் வறுமைக்கு ஆங்கில ஆட்சியின் வரிமுறை பெருங்காரணம் என்பது அங்கே அவருக்குப் புலனாயிற்று.

தாயகம் திரும்பிய குமரப்பா, 1929 ஆம் ஆண்டு மே மாதத்தில் சபர்மதி ஆசிரமத்தை அடைந்தார். மரநிழலில் தரைமீது அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவரே காந்தியடிகள் என அறிந்ததும், மேனாட்டு உடையுடன் தாமும் தரையிலேயே அமர்ந்தார். அடிகள் அவரது ஆராய்ச்சியைத் தம் இதழில் வெளியிட இசைந்தார்; அதனோடு அரியதொரு பணியையும் ஒப்படைத்தார். கேடா மாவட்டத்து மாத்தர் வட்டச் சிற்றூர்களின் பொருள்நிலையை நேரில் ஆராய்ந்து உரைத்தலே அப்பணி.

குமரப்பாவுக்குக் குஜராத்தி மொழி தெரியாது. மொழியறியாதவர் உழவர் உள்ளத்தை அறிவது எங்ஙனம்? குஜராத் வித்தியாபீட மாணவர்கள் அவருக்குத் துணையாயினர். அவர்கள் 50-க்கு மேற்பட்ட ஊர்களுக்குச் சென்றனர். நிலம் எவ்வளவு, கால்நடை எத்தனை, விளைவு யாது, வரி யாது, கடன் யாது என வினவிக் குறித்தனர். ஏட்டில் கற்ற வறுமையை அவ்விளைஞர் குடிசைதோறும் கண்டனர். அக்குறிப்புகளை எல்லாம் குமரப்பா ஒழுங்குபடுத்தினார். சிற்றூர் மக்களின் சிறு வருவாயை வரியும் கடனும் அரித்து வந்தமையை அவை ஐயமற விளக்கின. அவ்வாராய்ச்சி 1931 இல் நூலாக வெளிவந்தது. விடுதலைப் போரில் ஈடுபட்ட குமரப்பா சிறைவாசமும் ஏற்றார்.

குறை காண்பதோடு அவர் நின்றாரல்லர். கணக்காய்வாளர் ஒரு நிலையத்தின் கடனை மட்டுமோ கணக்கிடுவர்? கைப்பொருளையும் கணக்கிடுவரன்றோ! அவ்வாறே, சிற்றூரில் இல்லாதவற்றை எண்ணி இரங்குவதினும், உள்ளவற்றை எண்ணிப் பயன்கொள்வதே அறிவுடைமை எனக் குமரப்பா கருதினார். 1934 ஆம் ஆண்டு அடிகள் வழிகாட்டுதலில் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியது. அதன் செயலாளராகிய குமரப்பா, வார்தாவில் மகன்வாடி என்னுமிடத்தில் தங்கிப் பணிபுரிந்தார். கள்ளாய்க் குடிகெடுத்த பனஞ்சாறு அங்கே பதநீராய் இறக்கப்பெற்று இனிய வெல்லமாயிற்று. மண்ணெண்ணெயை நாடாது, ஊரில் ஆட்டிய எண்ணெயால் எரியும் விளக்கும் உருவாயிற்று. செக்காட்டுதல், நெற்குற்றுதல், தாள் செய்தல், தேனீ வளர்த்தல் முதலிய தொழில்களில் இளைஞர் பயிற்சி பெற்றுத் தத்தம் ஊர்களுக்குத் தொண்டாற்றச் சென்றனர்.

குமரப்பா மீண்டும் சிறைப்பட்ட காலத்தில், நிலைத்த பொருளியல் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். இயற்கையின் செல்வத்தை அழியாது காத்து வாழ்தலே உண்மைப் பொருளியல் என்பது அதன் கருத்து.

முதுமையில் அவர் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிமையாக வாழ்ந்தார். 1960 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30 ஆம் நாள், அடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பாவும் மறைந்தார்.

ஊருக்கு உதவ விரும்பும் இளைஞர், கற்பிக்கச் செல்லுமுன் கற்கச் செல்லுதல் வேண்டும். அவ்வூர் மக்களின் கைத்திறனையும் மண்வளத்தையும் மதித்தறிந்து செய்யும் தொண்டே நிலைபெறும். இதுவே குமரப்பாவின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.